பள்ளத்தாக்கிற்குத் திரும்பிய குருதி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கென்யன் எனும் பெரும்பள்ளத்தாக்கின் அடியில் ஹவாசுப்பாய்ப் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்தம் சிற்றூருக்கு அஞ்சலும் கோவேறு கழுதையின் முதுகிலேதான் இறங்கி வரும். இம்மக்களை நீரிழிவு நோய் பெரிதும் வாட்டியது. அதன் காரணத்தை அறியலாம் என நம்பி, 1990ஆம் ஆண்டு முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்க்கு 200க்கும் மேற்பட்டோர் குருதி ஈந்தனர். குருதியைப் புனிதமெனப் போற்றுவோர் அவர்கள்!

2003இல் அக்குடிப் பெண் ஒருவர், அப்பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற முனைவர் பட்ட ஆய்வு விளக்கக் கூட்டமொன்றிற் கலந்துகொண்டார். தம் மக்களின் குருதி வேறு ஆய்வுகட்கும் பயன்பட்டதை அங்கேதான் அவர் அறிந்தார். மனச்சிதைவு நோய், உறவுக்குள் மணத்தல், ஆசியாவிலிருந்து நிகழ்ந்த தொன்மைக் குடிபெயர்வு ஆகியனவும் மரபணு வழியே ஆராயப்பட்டிருந்தன. தம் முன்னோர் அப்பள்ளத்தாக்கிலேயே தோன்றினர் என்பது அவர்தம் தொல்மரபு. தம் நிலவுரிமையின் வேரும் அதுவே என அவர்கள் கருதினர்.

ஒப்புதல் தாளிற் கையொப்பம் பெற்றோமே என்றது ஆய்வாளர் தரப்பு. நடத்தைக் கோளாறு, மருத்துவக் கோளாறு என ஆங்கிலத்திற் பொதுப்பட எழுதிய தாள் அது. கையொப்பம் வாங்குவது வேறு, ஆய்வின் போக்கைக் கலந்து பேசுவது வேறு என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தாரிலர்.

வழக்குத் தொடுக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் உடன்பாடு ஏற்பட்டது. 41 பேருக்கு 700,000 டாலர் வழங்கப்பட்டது. உறைகுளிரில் எஞ்சியிருந்த குருதியும் ஊராரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது.