கும்மிடிப்பூண்டி உலைக்கு வரும் இரும்பு

1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது எல்லோருக்கும் அணுகுண்டைப் பற்றித்தான் கவலை. அவற்றைப் பாதுகாப்பாக அகற்றுவதற்கான நன்-லூகர் திட்டத்தின் கீழ் அமெரிக்கா பணத்தைக் கொட்டியது. உக்ரைன், கஜகஸ்தான், பெலாரூஸ் நாடுகளில் இருந்த அணுகுண்டுகள் 1996க்குள் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தன. குண்டுகளுக்குப் பதிவேடு இருந்தது. கணக்கில் வராமல் போனவை சில்லறைச் சாமான்கள்: மருத்துவமனை, தொழிற்சாலை, ஆளில்லா வானொலி நிலையம் ஆகியவற்றில் இருந்த கதிர்வீச்சு மூலங்கள். 2001 டிசம்பரில் ஜார்ஜியாவின் லியா கிராமத்தை ஒட்டிய காட்டில் விறகு வெட்டப்போன மூவர், சுற்றிலும் பனி உருகிக் கிடந்த இரண்டு உருளைகளைக் கண்டு, குளிருக்கு இதமாக அருகில் வைத்துக்கொண்டு இரவைக் கழித்தார்கள். உள்ளே இருந்தது ஸ்ட்ரான்சியம்-90. ஒருவர் 2004இல் இறந்தார்.

இதற்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு? கைவிடப்பட்ட உலோகம் கடைசியில் போய்ச் சேரும் இடம் உருக்காலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி இழுக்கும் ஆலைகள் உண்டு. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. கதிர்வீச்சு மூலங்களில் இருக்கும் கோபால்ட்-60 உலைக்குள் விழுந்தால் இரும்போடு கலந்து கம்பியாகவே வெளியேறிவிடும். சீசியம்-137 ஆவியாகிப் புகைத்தூசியில் சேரும்; 1998இல் ஸ்பெயினின் அசெரினாக்ஸ் ஆலையில் அதுதான் நடந்தது. 2008இல் பிரான்சில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எஃகு இந்தியாவிலிருந்து போனது.

துறைமுகத்தில் கதிர்வீச்சுக் கருவி வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கருவி அவசியம்தான், ஆனால் ஈயக் கவசத்தோடு கனத்த இரும்புக்கு நடுவே கிடக்கும் மூலம் அதன் பார்வைக்குத் தப்பலாம். அதைவிடப் பெரிய ஓட்டை, எல்லாச் சரக்கும் கடல் கடந்து வருவதில்லை என்பது. 2010இல் டெல்லி மாயாபுரியில் ஓர் உயிரைப் பறித்த கோபால்ட், டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய கருவியிலிருந்து வந்தது. பிரித்தெடுத்த துண்டு ஒன்றைக் காயலான்கடைக்காரர் ஒருவர் பர்சிலேயே வைத்திருந்தார். குண்டு செய்ய உதவாத பொருளுக்கு இவ்வளவு பதற்றமா என்பாரும் உண்டு. 1995இல் செச்சென் போராளிகள் மாஸ்கோவின் இஸ்மைலோவோ பூங்காவில் சீசியத்தைப் புதைத்துவைத்தபோது அது வெடிக்கவேயில்லை. மிரட்டலுக்கு அதுவே போதுமாக இருந்தது.

எனவே காவல் தொடங்க வேண்டியது ஆலை வாசலில் அல்ல, மூலத்தை வாங்கியவரின் பதிவேட்டில். பயன் முடிந்த மூலத்தைத் திருப்பி ஒப்படைக்கும் பொறுப்பும் செலவும் அவருடையவை. அதை உலைமுன் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் தலையில் கட்டுவது அநியாயம்.