உருவும் பெயரும்

உடற்கூறு என்பது கண்ணால் கற்கவேண்டிய கல்வி. பிணத்தை அறுத்தே உள்ளுறுப்புகளை அறிய முடிந்த காலத்தில், அவ்வறிவைப் பலருக்கும் எட்டச் செய்தது ஓவியமே. 1858இல் இலண்டனில் வெளிவந்த ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூலுக்குக் கார்ட்டர் என்னும் மருத்துவர் படம் வரைந்தார். வெறும் குறியெழுத்துகளை இடாமல், எலும்பின்மீதும் நரம்பின்மீதும் அதனதன் பெயரையே அவர் பொறித்தார். உருவும் பெயரும் ஒருங்கே மாணவன் மனத்தில் பதிந்தன.

ஆனால் அப்பெயர்கள் தமிழ் மாணவனுக்கு அயலானவை. இக்குறையைக் களைய முற்பட்டவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், முதலில் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தினார். ஆங்கிலத்தில் தேர்ந்தோர் நல்ல சம்பளம் நாடி வெளியூர் சென்றனர். கிராமத்தார் மருத்துவரின்றி நின்றனர். ஆகவே 1860களில் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். தமிழ் மாணாக்கர் துணையோடு கலைச்சொற்களை ஆக்கி, கிரே முதலியோரைத் தழுவி, 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். மறு ஆண்டு அவர் தாயகம் திரும்பினார். தமிழ்வழி மருத்துவக் கல்வியும் நாளடைவில் நின்றுபோயிற்று.

படக்கலையோ நிற்கவில்லை. 1895இல் ராண்ட்கன் கண்ட ஊடுகதிர், உடலை அறுக்காமலே எலும்பைக் காட்டிற்று. 1971இல் ஹவுன்ஸ்பீல்டின் கருவி, உயிரோடிருப்பவர் மூளையை அடுக்கடுக்காகப் படமெடுத்தது. 2020இல் கொள்ளைநோய் கல்லூரிக் கதவுகளை அடைத்தபோது, மாணவர் பலர் கணினித் திரையிலேயே உடற்கூறு பயின்றனர். 2024 டிசம்பரில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் சிசுவின் மூளையை 5,132 மெல்லிய சீவல்களின் வாயிலாகப் படமாக்கி, 'தரணி' என்னும் பெயரில் வெளியிட்டது. உயிரணுவரை காட்டும் அத்தொகுதியை இணையத்தில் எவரும் கட்டணமின்றிக் காணலாம்.

கோலா தெர்லாவின் தேயிலை மலையில், கொழுந்து பறிப்பவரின் மகளும் அதைக் கைப்பேசியில் திறக்கலாம். உருவம் தடையின்றி வந்துவிடும். பெயர் எம்மொழியில் வரும்? மருத்துவக் கல்லூரிகளின் பாடமொழி இன்றும் ஆங்கிலமே. கிறீன் வழங்கிய சொற்களுட் பல வழக்கொழிந்தன என்பது உண்மை; 'அங்காதிபாதம்' இன்று 'உடற்கூற்றியல்' ஆயிற்று. ஆயினும் அவர் காட்டிய வழி பிழையன்று. சென்னையில் பிறந்த படத்தின்மீது தமிழ்ப் பெயரை எழுதுவது தமிழ் மருத்துவர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடன். அதற்கு அடித்தளமிட்டவர் ஓர் அயல்நாட்டார் என்பதை மறத்தலாகாது.