கரையில் நிற்கும் கப்பல்: கடற்படைப் பணிச்சுழற்சியும் ஒரு சொல்லின் பொருள் விரிவும்

கடற்படையினரைச் சில ஆண்டுகள் கப்பலிலும் சில ஆண்டுகள் கரையிலும் மாறிமாறிப் பணியமர்த்தும் முறை பல நாடுகளில் உண்டு. பிரித்தானியக் கடற்படையில் கரைப்பணி உருவான வரலாறு, ‘கப்பல்’ என்னும் சொல்லின் பொருள் விரிந்த வரலாறும் ஆகும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பிரித்தானிய மாலுமி பெரும்பாலும் ஒரு கப்பலுக்கென்றே அமர்த்தப்பட்டான். அக்கப்பலின் பணிக்காலம் முடிந்ததும் ஊதியம் பெற்று விலகினான். 1853இல் பத்தாண்டுத் தொடர்பணி முறை அறிமுகமாயிற்று. அதன்பின், ஒரு கப்பலிலிருந்து இறங்கியவனை மறுகப்பல் ஏறும்வரை பேணும் பொறுப்பு கடற்படையைச் சார்ந்தது. துறைமுகத்தில் நிறுத்தப்பட்டிருந்த பழங்கப்பல்களே முதலில் தங்குமிடங்களாயின. போர்ட்ஸ்மத் நகரில் கரைமீது கட்டப்பட்ட குடியிருப்பு 1903இல்தான் பயன்பாட்டிற்கு வந்தது. 1830இல் ‘எக்ஸலென்ட்’ என்னும் கப்பலில் தொடங்கிய பீரங்கிப் பயிற்சிப்பள்ளி 1891இல் நிலத்திற்கு மாறியது, கப்பற்பெயரோ மாறவில்லை.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1866ஆம் ஆண்டுக் கடற்படை ஒழுங்குச் சட்டம், பணியிலுள்ள கப்பலொன்றின் பெயரேட்டில் இடம்பெற்றவர்களையே கட்டுப்படுத்தியது. கரையில் பணியாற்றுவோரும் ஏதேனும் ஒரு கப்பலுக்கு உரியவராதல் வேண்டும். இவ்வாறு கரைநிலையமே கப்பலாகக் கொள்ளப்பட்டது. மாலுமிகளின் வழக்கில் கட்டடத்தின் தரை கப்பல்தளமாயிற்று. வாயிலைக் கடந்து ஊருக்குள் செல்வது ‘கரைக்குப் போதல்’ ஆயிற்று.

இந்தியக் கடற்படையும் இம்மரபைப் பின்பற்றுகிறது. ஒடிசாவில் மாலுமிகளுக்குப் பயிற்சியளிக்கும் ‘சில்கா’, திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் 1990இல் தொடங்கப்பெற்ற ‘கட்டபொம்மன்’ ஆகியவை ‘இந்தியக் கடற்படைக் கப்பல்’ எனப் பொருள்படும் ‘ஐ.என்.எஸ்.’ என்னும் முன்னொட்டையே பெற்றுள்ளன. பின்னது நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் வானொலி நிலையம், கடலில் மிதப்பதன்று.

மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. பணிப்பதிவேட்டில் ‘ஐ.என்.எஸ். கட்டபொம்மனில் மூன்றாண்டுகள்’ என்றிருப்பதைக் ‘கப்பலில் மூன்றாண்டுகள்’ எனப் பெயர்த்தால் கரைப்பணி கடற்பணியாகிவிடும். கடற்பணிக் காலம் பதவி உயர்விற்குக் கருதப்படுவதாதலின், பிழை சொல்லளவில் நின்றுவிடாது. ஆவணங்களில் பெயரை ஒலிபெயர்த்துக் ‘கரைநிலையம்’ என்னும் விளக்கச்சொல்லைச் சேர்ப்பதே தக்கது. ஆனால் கதைமாந்தனாகிய மாலுமி தன் நிலையத்தைக் ‘கப்பல்’ என்று குறிப்பிடுமிடத்தில் அச்சொல்லைத் திருத்துதல் கூடாது. அங்கு அது பிழையன்று. அவன் பேசும் தொழில்வழக்கு.