நண்பகல் ஓய்வும் ஒரு சிட்டிகை உப்பும்

கோடை தொடங்கினால் வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகளில் தொலைபேசிப் பேச்சு ஒரே மாதிரித்தான் போகும். ஊரிலிருந்து கேட்டாலும், மண்டபம் முகாமிலிருந்து கேட்டாலும், கனடாவிலிருந்து கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: "வெயில் எப்படித் தம்பி?" பதிலும் ஒன்றுதான்: "பழகிட்டுது, பயப்படாதேங்கோ." இந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை, வெயிலில் வேலை செய்பவனைக் காப்பாற்றும் வழிகளை மனிதர் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இம்மாத உரை.

டுபாயில் அல் கூஸ் என்றால் நம்மவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது தொழிலாளர் விடுதிகளும் கராஜ்களும் களஞ்சியங்களும்தான். ஷேக் சயீத் வீதிக்கும் அல் கைல் வீதிக்கும் இடையில் விரிந்து கிடக்கும் பகுதி அது. இன்று ஓவியக் கூடங்கள், நாகரிகமான கோப்பிக் கடைகள் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் மாலையில் நீலச் சீருடையோடு பஸ்ஸில் வந்து இறங்கும் கூட்டம் குறையவில்லை. 'கூஸ்' என்ற சொல்லுக்கு வளைகுடா அரபியில் மணல்மேடு என்று பொருள்.

மணல்மேடாக இருந்த காலத்தில் இந்தக் கரையின் பெரிய தொழில் முத்துக்குளிப்பு. அதற்கும் நமக்கும் உறவு உண்டு. மன்னார்க் கடலில் சிலாபத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகளில், 1900களின் தொடக்கத்தில், வளைகுடா அரபுச் சுழியோடிகளும் அங்கே வந்து குளித்திருக்கிறார்கள். அன்று அவர்கள் நம் கரைக்கு வேலை தேடி வந்தார்கள். பின்னர் நாம் அவர்கள் கரைக்குப் போனோம்.

வளைகுடாவில் முத்துக்குளிப்பின் பெரும் பருவம் சரியாகக் கோடையில்தான் வரும். ஜூன் மாதமளவில் தொடங்கி செப்டெம்பர் வரை நீளும். அப்போதுதான் கடல்நீர் வெதுவெதுப்பாக இருக்கும். சுழியோடி காலையில் சில பேரீச்சம்பழமும் கோப்பியும் எடுப்பான். வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சடக்க முடியாது என்பதால் சோறும் மீனும் பொழுதுபட்ட பிறகுதான். படகில் குடிநீர் அளவோடுதான் இருக்கும். இவ்வளவு கடுமையான வேலையை அவன் ஏன் விட்டுப் போகவில்லை? கடன். பருவம் தொடங்குமுன் 'நகூடா' என்ற படகுத் தலைவனிடம் முன்பணம் வாங்கியிருப்பான். வருமானத்தில் அது தீராது. அடுத்த பருவமும் அதே படகில் ஏற வேண்டும். தகப்பன் கடன் மகன் தலையில் விழுவதும் நடந்தது. 1920களில் பஹ்ரைனில் இந்த முறையைத் திருத்த முயன்றார்கள். பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் அந்தத் தொழிலையே முடித்துவைத்தன.

கடன் கதை அதோடு முடியவில்லை. 1970களின் எண்ணெய்ப் பணத்தோடு கட்டடங்கள் எழுந்தன. இலங்கையிலிருந்து ஆட்கள் போனது எவ்வளவு பெருகியது என்றால், 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் என்று ஒரு அரச நிறுவனமே தேவைப்பட்டது. நகூடாவின் இடத்தில் இப்போது ஏஜென்சிக்காரரும் வட்டிக்காரரும். ஈடு வைத்த காணி, அக்காவின் நகை, போரில் இடிந்த வீட்டைத் திரும்பக் கட்ட எடுத்த கடன்: இவற்றைச் சுமந்துகொண்டு போனவன் தலை சுற்றுகிறது என்று சொல்லி நிழலில் உட்காரமாட்டான். வெயில் ஆளைத் தனியாகக் கொல்வது குறைவு என்பது என் எண்ணம். அதற்குத் துணை நிற்பவை கடனும் வாய் திறக்காத பழக்கமும்.

இனி நண்பகல் ஓய்வுக்கு வருவோம். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு எண் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் டுபாய் ராஷித் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மாதம் 5,000 வரையான கட்டடத் தொழிலாளர்கள் வெப்பப் பாதிப்போடு வந்தார்களாம். அடுத்த ஆண்டே, 2005 ஜூலையில், தொழில் அமைச்சு உத்தரவு போட்டது: ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் நண்பகல் 12.30 முதல் 4.30 வரை வெளிவேலை நிறுத்தப்பட வேண்டும். நான்கு மணி நேரம்! 2006இல் அதை 3 மணியோடு முடித்துவிட்டார்கள்; கட்டட நிறுவனங்களின் நெருக்குதல் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. பின்னர் நேரம் கூடவில்லை, காலம் கூடியது: ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை என்று மூன்று மாதமாயிற்று. இன்றும் அந்த நேரங்களில் திறந்த வெளியில் நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஆளொன்றுக்கு 5,000 திர்ஹாம் அபராதம், மொத்தம் 50,000 வரை. நிழல், குளிர்ந்த தண்ணீர், உப்புக்கரைசல் இவற்றைக் கொடுப்பதும் முதலாளியின் கடமை. நிறுத்திவைக்க முடியாத சில அவசர வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. முறைப்பாடு செய்ய அமைச்சின் இலக்கம் 600590000.

சட்டம் நல்லது. ஆனால் அல் கூஸை நினைத்துப் பாருங்கள். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பங்கினர் தகரக் கூரையின் கீழ்தான் நிற்கிறார்கள். கராஜில் வெல்டிங் செய்பவன் தலையில் நேரடி வெயில் படவில்லை. அதனால் மணிக்கூடு பார்த்து வரும் ஓய்வு அவனுக்கு வருவதில்லை. 3 மணிக்கு வெயில் தணிந்துவிடும் என்பதும் கணக்குப் பிழை. ஓகஸ்ட், செப்டெம்பரில் கடலிலிருந்து ஈரக்காற்று வந்துவிட்டால், வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் உடம்பு அதிகமாகத் தவிக்கும். வியர்வை சிந்துவதால் உடம்பு குளிர்வதில்லை. சிந்திய வியர்வை ஆவியாகிப் போவதால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழிந்து சட்டையை நனைக்குமே தவிர ஆவியாகாது.

இதை அளந்து பார்க்கும் வழியை 1950களில் அமெரிக்க மரீன் படையின் பயிற்சி முகாம்களில் கண்டுபிடித்தார்கள். புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் வெயிலில் சுருண்டு விழுந்ததுதான் காரணம். யாக்லூ, மினார்ட் என்ற இருவர் வெப்பம், ஈரம், வெயிலின் சூடு, காற்று நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் அளவை உருவாக்கினார்கள். ஈரக்குமிழ் வெப்பக் குறியீடு என்று சொல்லலாம். வளைகுடாவில் இந்த அளவைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது கட்டார். 2021 முதல் அங்கே ஜூன் 1 தொடங்கி செப்டெம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெளிவேலை இல்லை. அதோடு இந்தக் குறியீடு 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். அதற்கும் ஒரு கணக்கு முன்னோடியாக இருந்தது. கட்டாரில் 2009 முதல் 2017 வரை இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019இல் ஒரு மருத்துவ ஆய்வு வந்தது. இதயக் கோளாறு என்று பதிவான 571 மரணங்களில் 200 வரை வெப்பத்திலிருந்து பாதுகாத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றது அது. இளவயதுப் பிள்ளை "மாரடைப்பில்" இறந்தான் என்று கடிதம் வந்தால் நாம் விதி என்று அழுதுவிட்டு விடுகிறோம். அந்த வீடுகள் இந்தக் கணக்கை அறிய வேண்டும்.

"பழகிட்டுது" என்பதில் பாதி உண்மை உண்டு. உடம்பு வெப்பத்துக்குப் பழகும். ஆனால் அதற்கு ஒன்று இரண்டு வாரம் வேண்டும். வெயிலில் விழுந்து இறப்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாட்களில் இருப்பவர்களே. முதல் நாள் முழுவேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஒரு பங்காகக் கூட்டு என்பது இன்றைய அறிவுரை. லீவில் ஊருக்கு வந்து இரண்டு மாதம் மாமர நிழலில் இருந்துவிட்டுத் திரும்புகிறவனும் இந்த விஷயத்தில் புதியவன்தான். பத்து வருட அனுபவம் அவன் உடம்புக்குத் தெரியாது.

அடுத்தது உப்பு. 1920களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் வேலையாட்களுக்குக் கைகால் குரக்கை பிடித்து இழுத்தது. தண்ணீர் நிறையக் குடித்தவர்களுக்கும் வந்தது. 1923இல் மொஸ் என்பவர் காரணத்தைச் சொன்னார்: வியர்வையோடு உப்பும் போகிறது, வெறும் தண்ணீரை மட்டும் திருப்பி ஊற்றினால் போதாது. நம் அப்பாமார் வயலுக்குப் போகுமுன் பழஞ்சோற்றுத் தண்ணீரில் உப்பும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுக் குடித்ததை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் உப்பின் பெரிய கதை ஒரு அகதி முகாமில் நடந்தது. 1971, வங்காளப் போர். எல்லை கடந்து மேற்கு வங்கத்தின் பொங்காவுன் பகுதிக்கு வந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. வைத்தியசாலையில் நிலத்தில் கிடத்திக்கூட இடம் போதவில்லை. நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலனாபிஸ் என்ற வங்காள வைத்தியர் ஒரு முடிவெடுத்தார். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா. இதைக் கலந்து பீப்பாய்களில் நிரப்பி, நோயாளியின் தாயிடமும் சகோதரரிடமும் கோப்பையைக் கொடுத்து, நீங்களே பருக்குங்கள் என்றார். அதுவரை நூற்றுக்கு முப்பது பேரளவில் இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நான்கு பேருக்கும் குறைவாக இறங்கியது. சீனிச்சத்து கூட இருந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் விரைவாக உள்ளே இழுக்கும் என்பது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே டாக்காவிலும் கல்கத்தாவிலும் அறியப்பட்டிருந்தது. வைத்தியர் கையில் இருந்ததை அகதியின் கைக்கு மாற்றியது மஹலனாபிஸ். கரைக்கும் முறையைத் துண்டுப்பிரசுரமாக எல்லையில் கொடுத்தார்கள். ஒரு இரகசிய வானொலியும் அதை வங்காளத்துக்குள் ஒலிபரப்பியது. வானொலிக்காரர்களாகிய எங்களுக்கு இதில் கொஞ்சம் பெருமை. மஹலனாபிஸ் 2022இல் காலமானார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தது.

அந்தக் கரைசலின் பிள்ளைதான் நாம் 'ஜீவனி' என்று அறிந்த பொதி. முகாமில் வாழ்ந்த குடும்பத்துக்கு அதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பொதி இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடலாம். உப்பு கூடினால் கெடுதல், எனவே அளவு முக்கியம். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும். இது அதிகமாக வியர்த்தவருக்கும் வயிற்றோட்டம் உள்ளவருக்கும் உரியது. வீட்டில் குளிரூட்டியின் கீழ் இருப்பவர் தினமும் குடிக்கும் பானமல்ல. இரத்த அழுத்தமோ நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தம்பியோடு பேசும்போது "வெயில் எப்படி?" என்பதைவிட வேறு கேள்விகள் பயன்படும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறதா? அறையில் இரவு ஏசி வேலை செய்கிறதா? எத்தனை மணி நேரம் நித்திரை? பகலில் சூடேறிய உடம்பு இரவில்தான் ஆறுகிறது. எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஏசி பழுதானால் அது வசதிக் குறைவு அல்ல, அடுத்த நாளுக்கான ஆபத்து. தலைச்சுற்று, குமட்டல், குரக்கை வந்தால் உடனே நிழலுக்குப் போய்க் கரைசல் குடிக்க வேண்டும். பேச்சுக் குழறினால், ஆள் தடுமாறினால், நினைவு தவறினால் அது வெப்பத் தாக்கு. அவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 998க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்டுவிட்டு, அது வரும்வரை காத்திராமல் சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் இருந்தால் கழுத்திலும் கக்கத்திலும் வைக்கலாம். முதலில் குளிரவைப்பது, பிறகுதான் ஏற்றிச் செல்வது.

இன்னொரு கூட்டத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. வீட்டுவேலைக்குப் போன நம் அக்காமார். சமையலறை அடுப்படியிலும், மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும்போதும் அவர்களுக்கும் அதே வெப்பம்தான். நண்பகல் ஓய்வுச் சட்டம் எழுதப்பட்டபோது அவர்களை யாரும் நினைக்கவில்லை. ராஷித் வைத்தியசாலையில் எண்ணப்பட்டவர்கள் கட்டடத் தொழிலாளர்கள்; அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. வீட்டுக் கதவுகளுக்குப் பின்னால் மயங்கி விழும் பெண்களை அப்படி எண்ணியதாகத் தெரியவில்லை.