1826 தார்வாடு எலிப் பெருக்கமும் வட்டர்களின் எலி வேட்டையும்

1826-ஆம் ஆண்டு, இன்றைய வட கர்நாடகத்தில் உள்ள தார்வாடு வட்டாரத்தின் கரிசல் நிலங்களில் வயல் எலிகள் அளவுகடந்து பெருகிச் சோளப் பயிரை அழித்தன. பல உழவர்களால் நிலத்துக்குரிய தீர்வையைக் கட்ட இயலவில்லை. எலிகளைக் கொல்ல அவர்கள் வட்டர் எனப்படும் மண்வேலைக்காரர்களைக் கூலிக்கு அமர்த்தினர். குளம் தோண்டுவதும் கிணறு வெட்டுவதும் இம்மக்களின் தொழில். தமிழகத்தில் ஒட்டர், போயர் என்று அறியப்படுபவர்கள் இவர்களே.

இந்நிகழ்வை எழுதி வைத்தவர் வால்டர் எலியட் (1803–1887). சென்னை ஆட்சிப் பணியைச் சேர்ந்த இவர் இளம் அதிகாரியாகத் தார்வாட்டில் இருந்தவர். 1824-இல் கித்தூர் ராணி சென்னம்மாவின் படையிடம் சிறைப்பட்ட இரு ஆங்கில அதிகாரிகளுள் ஒருவர். தெற்கு மராத்தா நாடு என்று அன்று வழங்கிய அப்பகுதியின் பாலூட்டிகளைப் பற்றி இவர் தொகுத்த பட்டியல் 1839-இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்' இதழில் அச்சாயிற்று. விலங்குகளின் உடல் அளவுகளோடு, அவற்றைப் பிடித்து உண்ட மக்களைப் பற்றிய செய்திகளும் அதில் இடம்பெற்றன.

எலியட் குறிப்பிடும் எலிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று 'கோக்'. தமிழில் கரம்பை எலி எனப்படும் இது தனித்து வாழும், மூர்க்கமானது. விசாலமான வளை தோண்டி, அறுவடைக் காலத்தில் தானியத்தைச் சேர்த்து வைக்கும். ஒரு வளையில் சில வேளை அரை சேர், அதாவது ஏறத்தாழ ஒரு பவுண்டு தானியம் கிடைத்தது. அதில் முழுச் சோளக் கதிர்களும் இருந்தன. வட்டர்கள் வளையைத் தோண்டி எலியை உணவுக்குப் பிடித்தனர், தானியத்தையும் எடுத்துக்கொண்டனர். வளம் மிக்க இடங்களில் அப்பருவம் முழுவதும் பெரும்பாலும் இந்தத் தானியத்தைக் கொண்டே அவர்கள் வயிறு கழுவினர் என்கிறார் எலியட். உழவர் இழந்த தானியத்தில் ஒரு பகுதி, எலியின் வழியாக, நிலமற்றவர் அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

மற்றொன்று 'மெட்டாடே'. தமிழில் புல் எலி. இது பெரிய வளை தோண்டுவதில்லை. புதரடியில் மேலோட்டமான பொந்திலோ, கற்குவியலிலோ, கோக் கைவிட்ட வளையிலோ தங்கும். கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும்போது அந்த வெடிப்புகளே இதற்கு வீடு. மழை தொடங்கியதும் மண் ஊறி வெடிப்புகள் மூடிக்கொள்ள, உள்ளே இருக்கும் எலிகள் கூட்டமாக மடியும். ஆண்டுதோறும் இவ்வினத்தைக் கட்டுக்குள் வைத்தது இந்த மழைதான். 1826-இல் பருவத் தொடக்க மழை பொய்த்தது. வெடிப்புகள் மூடவில்லை, எலிகள் பிழைத்துப் பெருகின.

விதைத்த விதையை உடனே தின்றன. மிச்சம் முளைத்துக் கதிர் முற்றும் தறுவாயில் சோளத் தட்டையில் ஏறிக் கதிரை அறுத்துக் கீழே தள்ளித் தின்றன. முழு வயல்களே பாழானதை எலியட் நேரில் கண்டார். வட்டர்களுக்கு இத்தனை டஜன் எலிகளுக்கு ஒரு படி தானியம் என்று கூலி பேசப்பட்டது. அவர்கள் ஆயிரக்கணக்கில் கொன்றனர். ஆயினும் எலிகளின் எண்ணிக்கையில் குறைவு தெரியவில்லை.

வட்டர்களின் திறமைக் குறைவு இதற்குக் காரணம் அன்று. ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் ஈனும் விலங்கை, பெருகி முடிந்த பின் கையால் கொன்று தீர்ப்பது ஆகிற காரியமன்று. கூலி முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. கோக் வளையைத் தோண்டினால் இறைச்சியோடு தானியமும் கிடைக்கும். மெட்டாடேயின் பொந்திலோ சேமிப்பு இராது. எனவே எலிகள் மிகுந்த அந்த ஆண்டில், இறைச்சி போக வட்டர்களுக்குக் கிடைத்தது உழவர் அளந்து கொடுத்த படி மட்டுமே. விளைச்சல் இழந்த உழவர் அளந்த படி அது.

1837-இல் ஜான் எட்வர்ட் கிரே இந்த எலிக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது 'மெட்டாடே' என்னும் வட்டர்களின் பெயர் 'மெல்டாடா' என்று திரிந்து பதிவாயிற்று. இன்றும் அதன் அறிவியல் பெயர் மில்லார்டியா மெல்டாடா என்பதே.

கரம்பை எலியும் புல் எலியும் தமிழக வயல்களிலும் உண்டு. வட தமிழகத்தில் இருளர்கள் அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைப் புகையவிட்டு, வாயால் ஊதி வளைக்குள் புகையேற்றி எலி பிடித்தனர். ஊதியவரின் உதடு வெந்தது, புகை நெஞ்சிலும் ஏறியது. பின்னர் இதற்கு மாற்றாகக் கையால் சுற்றும் இரும்புப் புகையூட்டி வந்தது. காவிரிப் படுகையில் மூங்கில் வில்லும் பனையோலையும் கயிறும் கொண்ட தஞ்சாவூர் கிட்டியை மாலையில் வயலில் வைத்து, காலையில் எடுப்பர். அங்கும் விழுந்த எலிகளை எண்ணியே கூலி தரும் வழக்கம் உண்டு. இருளர் தோண்டும் வளையில் நெல் இருந்தால், அது தோண்டியவருக்கு.