மூன்றாம் முறைக்குத் தீவாந்தரம்

குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கு எழுமலை, உசிலம்பட்டிப் பக்கம் வழங்கிய பெயர் ரேகைச் சட்டம். விரல்களை மையில் உருட்டிப் பதிவெடுத்ததால் வந்த பெயர். எழுமலைக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்தது. போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

அந்த ரத்தம் ஊர் நினைவில் நின்றுவிட்டது. 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

குற்றப்பரம்பரை என்று அறிவிக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர் வழிப்பறி, கொள்ளை போன்ற அட்டவணைக் குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால், குறைந்தது 7 ஆண்டு சிறை. மூன்றாம் முறை என்றால் ஆயுளுக்கும் தீவாந்தரம். விசேஷக் காரணம் இருப்பதாகத் தீர்ப்பில் எழுதினால் மட்டுமே நீதிபதி குறைக்கலாம். பழைய குற்றவாளிக்குக் கூடுதல் தண்டனை தர இந்திய தண்டனைச் சட்டத்தின் 75ஆம் பிரிவு ஏற்கெனவே இருந்தது. அது எல்லாச் சாதிக்கும் பொது. கூட்டுவதும் விடுவதும் நீதிபதியின் விருப்பம். 23ஆம் பிரிவோ பிறப்பைப் பார்த்து அந்த விருப்பத்தைப் பறித்தது.

ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை விசாரிக்கக்கூடாது என்ற விதி அப்போது இல்லையா? இருந்தது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு அதைத்தான் சொன்னது. ஆனால் சட்டத்தின் பார்வையில் கூடுதல் தண்டனை பழைய குற்றத்துக்கு அல்ல, புதிய குற்றத்துக்கே. ஆகவே அந்த வாதம் மேல்முறையீட்டில் எடுபட வழியில்லை. ‘எங்களைக் குற்றப்பரம்பரை என்று அறிவித்ததே செல்லாது’ என்று கேட்கலாமென்றால், அந்த அறிவிப்பை நீதிமன்றம் கேள்வி கேட்கக்கூடாது என்று குற்றப்பரம்பரைச் சட்டமே கதவைச் சாத்தியிருந்தது. வெள்ளைக்காரன் சட்டம் எழுதும்போது பூட்டையும் சேர்த்தே செய்வான்.

மதுரையில் அந்தப் பூட்டை ஆட்டிப் பார்த்தவர் வக்கீல் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த அவரை, ரேகைச் சட்டத்துக்கு உள்ளான பிறமலைக் கள்ளர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். 1938இல் அவர் இறந்தபோதும் சட்டம் உயிரோடிருந்தது. சென்னை மாகாணம் அதை நீக்கியது 1947இல். நாடு முழுக்க நீங்கியது 1952இல்.

இடையில் 1950இல் வந்த அரசமைப்பின் 20(2)ஆம் பிரிவு, ஒரே குற்றத்துக்கு இருமுறை வழக்கும் தண்டனையும் கூடாது என்பதை அடிப்படை உரிமையாக்கியது. பல குற்றங்களுக்குப் பல தண்டனை விதித்தால் என்ன செய்வது என்பது வேறு சிக்கல். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பலகொலை வழக்கில், ஆயுள் தண்டனைகளை ஒன்று முடிந்து ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2016இல் தீர்ப்பளித்தார்கள். மனிதனுக்கு இருப்பது ஓர் ஆயுள்தானே!

பழைய 75ஆம் பிரிவு மட்டும் போகவில்லை. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 13ஆம் பிரிவு.