தலைகீழ் ராணி

தூத்துக்குடியில் முத்துக் குளித்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்தா, வெறும் சதையா? எடுத்தவர் தலையெழுத்து! 1961-ஓடு அந்தச் சூதாட்டம் நின்றுபோனது.

பழைய கடிதக் கட்டுகளை மொத்தமாக வாங்குகிறவர்கள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் கனவில் வருவது விக்டோரியா ராணி. அதுவும் தலைகீழாக!

1854. கல்கத்தாவில், சர்வே அலுவலகத்தில் நாலணா ஸ்டாம்ப் அச்சாகிறது. முதலில் சிவப்பில் சட்டம், அப்புறம் நீலத்தில் ராணியின் தலை. இரண்டாவது தடவை யாரோ தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை. தபாலாபீஸில் விற்றும் விட்டார்கள்! உலகம் முழுக்கச் சலித்தும் இதுவரை சிக்கியவை முப்பதைத் தாண்டாது.

உங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒன்று கிடைத்தால்..? உடனே குதிக்காதீர்கள். தலை லேசாக நகர்ந்திருப்பதும் சாயம் மங்கியிருப்பதும் சகஜம். தலையை மட்டும் வெட்டித் திருப்பி ஒட்டினால்கூட முதல் பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும். வெளிச்சத்தில் பிடியுங்கள், காகிதம் ஒரே துண்டாகத் தெரிய வேண்டும். லென்ஸ் வைத்து நீலத்தைச் சுற்றி வெட்டுக்கோடு தேடுங்கள். அந்த ஸ்டாம்ப் வெளிவந்தபோது ஓரத்தில் பல்லும் கிடையாது, கத்தரியால்தான் நறுக்கினார்கள். சிலர் அழகு பார்த்து எண்கோணமாகவே நறுக்கி, பாதி மதிப்பைக் குப்பையில் போட்டார்கள், பாவம்!